'தாங்கும்' என்றொரு சொல்

பீச் மரத்தின் பெயரிலேயே ஒரு பிழை உண்டு. அது பாரசீகத்துக் கனி என்று உரோமர்கள் எண்ணினர். அந்த எண்ணம் 'பெர்சிகா' என்ற தாவரவியற் பெயராகவே நிலைத்துவிட்டது. உண்மையில் அதன் தாயகம் சீனம். இந்தப் பிழையால் யாருக்கும் இழப்பில்லை. ஆனால் அதே மரத்தின்மீது இன்று ஏற்றப்படும் இன்னொரு சொல்லால் இழப்பு உண்டு. வட அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் வீட்டுத் தோட்டக்காரர்களை நோக்கி நாற்றுப்பண்ணைகள் வெளியிடும் விலைப்பட்டியல்களில் 'குளிர் தாங்கும் பீச்' என்ற தொடர் தவறாமல் இடம்பெறுகிறது. அந்தத் 'தாங்கும்' என்ற சொல்லைப் பற்றியே நாம் இங்குப் பேச விரும்புகிறோம்.

அச்சொல்லின் பக்கமுள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 1964இல் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்திலிருந்து 'ரிலையன்ஸ்' என்ற இரகம் வெளிவந்தது. எல்வின் மீடர் என்ற பயிர்ப்பெருக்க அறிஞரின் உழைப்பு அது. பீச் என்றாலே ஜார்ஜியா, தென் கரோலினா என்றிருந்த நாட்டில், கனடா எல்லையைத் தொடும் ஒரு மாநிலத்தின் வீட்டுக் கொல்லையிலும் அது காய்க்கும் என்று காட்டியது அவ்விரகம். பின்னர் வட கரோலினாவில் உருவான 'கன்டெண்டர்', சுவையில் மேம்பட்டதாகவும் சற்றுத் தாமதித்துப் பூப்பதாகவும் வந்து சேர்ந்தது. இவை பொய்யல்ல, பல்லாண்டு உழைப்பின் பயன்கள்.

எனினும் ஒன்றைக் கேட்டாக வேண்டும். தாங்குவது எது? மரமா, மொட்டா, மலரா? மூன்றும் ஒன்றல்ல. நடுக் குளிர்காலத்தில் ஆழ்ந்து உறங்கும் பூமொட்டு ஏறத்தாழ மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் வரை பொறுக்கும். அதற்கும் கீழே சென்றால் மரம் பிழைத்துக்கொள்ளலாம். மொட்டுகள் கருகத் தொடங்கும். விரிந்த மலரின் கணக்கு வேறு. மைனஸ் 2.8 டிகிரி அரைமணி நேரம் நீடித்தால் பத்தில் ஒரு பங்கு மலர்கள் மடியும், மைனஸ் 4.4 டிகிரி நீடித்தால் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும். ஒன்றரை டிகிரிக்குச் சற்றே மிகுந்த இந்த இடைவெளியில், ஓராண்டு உழைப்பு ஒரே இரவில் தீர்ந்துவிடுகிறது.

இங்கேதான் நமது கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வடக்கே பீச்சுக்குப் பகை, பட்டியல்கள் சொல்லும் கடுங்குளிர் மட்டுமன்று. காலமல்லாத காலத்தில் வரும் வெதுவெதுப்பும் அதற்கு நிகரான பகை. இலை உதிர்ந்தபின் மரம் குளிர்ந்த மணிநேரங்களை எண்ணத் தொடங்குகிறது. கன்டெண்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் மணிநேரம் வேண்டும். எண்ணி முடிக்கும்வரை மரம் எந்த வெயிலுக்கும் எளிதில் மயங்குவதில்லை. முடித்தபின் எந்த இளவெயிலையும் வசந்தம் என்று நம்பிவிடுகிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் காய்க்கும் பீச் வகைகள் குறைந்த குளிரிலேயே இக்கணக்கை முடித்துக்கொள்பவை. அவற்றை நியூ ஹாம்ப்ஷயரில் நட்டால், குளிர்காலம் முடியுமுன்னரே விழித்து மடியும்.

2023ஆம் ஆண்டு இதற்கொரு பாடம். அவ்வாண்டு சனவரி வடகிழக்கில் வழக்கத்துக்கு மாறாக வெதுவெதுப்பாகக் கழிந்தது. பிப்ரவரி 3, 4 தேதிகளில் துருவக் காற்று இறங்கியது. மாசசூசெட்ஸிலும் அண்டை மாநிலங்களிலும் பீச் மொட்டுகள் பெருமளவில் அழிந்தன. அதே ஆண்டு தெற்கே ஜார்ஜியாவில், வெதுவெதுப்பான குளிர்காலத்தைத் தொடர்ந்து மார்ச்சில் உறைபனி விழ, விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போயிற்று. அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்க வேளாண் துறை புதிய குளிர் மண்டல வரைபடத்தை வெளியிட்டது; நாட்டின் ஏறத்தாழ பாதிப் பரப்பு அரை மண்டலம் வெப்பத்தின் பக்கம் நகர்ந்திருந்தது. இனி வடக்கே பீச் எளிது என்று இதிலிருந்து முடிவுகட்டுவோர் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை. ஆண்டின் மிகக் குறைந்த வெப்பநிலைகளின் முப்பதாண்டுச் சராசரியையே அவ்வரைபடம் சொல்கிறது. அந்தக் குளிர் எந்த மாதத்தில், எத்தகைய வெயிலுக்குப் பின் வரும் என்பதைச் சொல்வதில்லை. பீச்சின் உயிர்நிலையோ அதில்தான் இருக்கிறது.

இதை உணர்ந்தால் தோட்டக்காரரின் பழக்கங்கள் சில தலைகீழாக மாற வேண்டியிருக்கும். அன்பினால் பலர் கன்றைத் தெற்குச் சுவரோரம் நடுகின்றனர். அச்சுவரின் கதகதப்பு மரத்தை முன்கூட்டியே எழுப்பிவிடுகிறது. குளிர்ந்த காற்று தேங்காமல் வழிந்தோடும் சரிவே ஏற்றது; அது வடக்கு நோக்கிய சரிவாயினும் தாழ்வில்லை, பூப்பது சில நாள் தள்ளிப்போகும். அடிமரத்துக்கு வெள்ளைப் பூச்சு வேண்டும்; குளிர்காலப் பகலில் சூடேறும் பட்டை இரவில் உறைந்து வெடிப்பதை அது தடுக்கும். கோடையின் நடுவுக்குப் பின் தழைச்சத்து உரம் இடலாகாது. இளந்தளிர் முற்றாமலே பனியில் சிக்கும். கவாத்தை இலையுதிர் காலத்தில் செய்யாமல் வசந்தத்தின் வாயில்வரை ஒத்திப்போடலாம். அதற்குமுன் சில மொட்டுகளைப் பிளேடால் குறுக்கே அரிந்து பார்த்தால் நிலைமை தெரிந்துவிடும். நடுவே பசுமையானால் உயிர் உண்டு, கறுத்திருந்தால் இல்லை.

அந்தக் கறுப்பைப் பார்க்கத் தெரியாததால் நேர்வதே பெரிய இழப்பு. இரண்டு வசந்தங்கள் பூக்காமல் நின்ற மரத்தை மலடென்று வெட்டிவிடுகிறார்கள். மரம் மலடல்ல; மொட்டுகள் இரண்டு முறை உறைந்தன, அவ்வளவே. விற்பனைச் சொல் ஒன்று நடுவே நின்று, மரத்தின் நிலையை நட்டவருக்கு மறைத்துவிட்டது.

இத்தனை இடரென்றால் ஆப்பிளோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். நெடுந்தொலைவு பயணிக்க வேண்டிய பீச்சைக் கெட்டியாக இருக்கும்போதே பறித்துவிடுகிறார்கள். மரத்திலேயே முழுதும் கனிந்த பீச்சின் சுவை அந்தப் பெட்டிகளில் வருவதில்லை. தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் சிறு கொல்லைக்கு ஒரு மரம் போதும். மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கிவிடும். வடக்கே அதன் ஆயுள் பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளே. அவற்றிலும் சில வெறுமையாகக் கழியும் என்று முன்பே அறிந்து நடுபவருக்கு ஏமாற்றம் இல்லை.

ஆகவே விலைப்பட்டியல்கள் 'குளிர் தாங்கும்' என்று எழுதட்டும். அதனடியில் 'மரம் தாங்கும், எல்லா ஆண்டும் பூ தாங்காது' என்று ஒரு வரியும் சேர்க்கட்டும். விற்பனை கொஞ்சம் குறையலாம். நட்ட மரங்கள் கோடரிக்குத் தப்பும்.