பங்கீட்டு அட்டையில் இல்லாத பை

இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டனின் உணவுப் பங்கீட்டைப் பற்றிப் பேசும் கருத்தரங்குகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: அரண்மனைக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் ஒரே அளவு வெண்ணெய். 1940 முதல் 1954 வரையிலான அந்த ஆண்டுகளைச் சமத்துவத்தின் பொற்காலமாகவே இந்தியக் கல்விப்புலத்தில் பலர் ஏற்றுக்கொண்டிருக்கின்றனர். பொது விநியோக முறையை ஆதரித்து எழுதுவோர் அதைச் சான்றாகவும் காட்டுகின்றனர். இது பொய்யன்று, பாதி உண்மை. மறுபாதியைக் காண வேண்டுமானால், பங்கீட்டு அட்டையில் இருந்தவற்றை விட்டு, அதில் இடம்பெறாத ஒரு பண்டத்தைப் பார்க்க வேண்டும். அதுதான் இறைச்சிப் பை.

தமிழில் ‘பை’ என்றதும் துணிப்பையே நினைவுக்கு வரும். அதுவும் பொருத்தம்தான். பிசைந்த மாவைத் தேய்த்து, உள்ளே இறைச்சித் துண்டுகளையும் கிழங்கையும் கெட்டிக் குழம்பையும் அடைத்துச் சுட்டெடுப்பது அது. தட்டும் முள்கரண்டியும் வேண்டியதில்லை. வேலைக்குப் போகிறவன் கையோடு கொண்டுபோகும் கட்டுச்சோறு என்று அதைச் சொல்லலாம்.

உப்பிட்ட பன்றியிறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ஆகியவை 1940 ஜனவரி 8 அன்று பங்கீட்டுக்குள் வந்தன. பிற இறைச்சி மார்ச்சில் வந்தது. மற்றவற்றை எடையால் அளந்தவர்கள் இறைச்சியை மட்டும் விலையால் அளந்தனர். தொடக்கத்தில் ஒருவருக்கு வாரத்துக்கு 1 ஷில்லிங் 10 பென்ஸ். போரின் பெரும்பகுதியில் 1 ஷில்லிங் 2 பென்ஸ். அந்தக் காசுக்கு நல்ல கறி கேட்டால் சிறு துண்டு கிடைக்கும். நார் மிகுந்த மலிவான கறி கேட்டால் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். நெடுநேரம் வெந்தாலன்றி மெல்ல முடியாத அக்கறிக்கு ஏற்ற இடம் பைதான். மாவும் உருளைக்கிழங்கும் போர் முடியும்வரை பங்கீட்டுக்குள் வரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தொழிலாளியின் வயிற்றை நிரப்பியது எது என்பது விளங்கும்.

சிக்கல் உடலில் தொடங்குகிறது. நிலக்கரி வெட்டுபவனுக்கும் கோப்பு எழுதுபவனுக்கும் ஒரே அளவு இறைச்சி என்பது அட்டையில் சமம், உடலில் சமமன்று. ஜெர்மனி கடின உழைப்பாளருக்கெனத் தனி அளவுகளை வகுத்தது. பிரிட்டன் அவ்வழியை மறுத்தது. தொழிற்சங்கத் தலைமையும் அதை விரும்பவில்லை. எவருடைய உழைப்பு கடினமானது என்று தொழிலாளர் தமக்குள் மோதிக்கொள்ளும் நிலை வந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே கூடுதல் உணவு தொழிற்கூடத்தின் உணவகம் வழியே வந்தது. 250 பேருக்கு மேல் பணிபுரியும் போர்த்தளவாடத் தொழிற்சாலைகள் உணவகம் அமைத்தாக வேண்டும் என்று ஆணையிடும் அதிகாரம், தொழிலாளர் துறை அமைச்சர் எர்னஸ்ட் பெவினின் காலத்தில், 1940இல் நடைமுறைக்கு வந்தது. கடின உழைப்புத் தொழில்களின் உணவகங்களுக்கு இறைச்சி ஒதுக்கீடு மற்றவற்றைவிட அதிகம்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. வீட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் இறைச்சி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பிரிந்துபோகும். உணவகத்தில் கொடுப்பது உழைப்பவனின் வயிற்றுக்குள்ளேயே போகும். உலையருகே நிற்பவன் தளராதிருப்பதே போர்க்கால அரசுக்கு முதன்மையாக இருந்தது. வீட்டில் தன் பங்கைக் கணவனின் தட்டில் வைத்துவிட்ட பெண்ணுக்கு எந்த உணவகமும் ஈடு செய்யவில்லை.

ஆலைக்கு உணவகம் வந்தது. வயலுக்கு எப்படி வரும்? சிதறிக் கிடக்கும் நிலங்களில் ஐந்து பேர், பத்துப் பேர் என்று வேலை செய்கிறவர்களுக்கு எங்கே சமையற்கூடம் கட்டுவது? விவசாயத் தொழிலாளருக்குப் பாலாடைக்கட்டி மட்டும் கூடுதலாகக் கொடுத்தார்கள். அது போதவில்லை என்ற முறையீட்டுக்கு விடையாக வந்ததே கிராமப்புறப் பைத் திட்டம். உணவு அமைச்சகம் ஒதுக்கிய பொருள்களைக் கொண்டு ரொட்டிக் கடைக்காரர்கள் சுட்டுக் கொடுத்த பைகளை, மகளிர் தன்னார்வப் பணி அமைப்பினர் ஊர் ஊராக எடுத்துச் சென்று விற்றனர். உச்சகட்டத்தில் வாரத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பைகள் இவ்வாறு போய்ச் சேர்ந்தன. அட்டையில் எதையும் வெட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. காசு கொடுத்தால் போதும். பிரிட்டனின் போர்க்கால உணவுக் கொள்கையில் மிகவும் புத்திசாலித்தனமான பகுதி இது என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் பொது நினைவில் இதற்கு இடமில்லை.

நினைவில் நிற்பது வேறொரு பை. உணவு அமைச்சர் வூல்டன் பிரபுவின் பெயரால் 1941இல் பரப்பப்பட்ட அதில் இறைச்சியே கிடையாது; கிழங்கு, காரட், காலிஃப்ளவர், ஓட்ஸ் மட்டுமே. அதை வகுத்தவர் லண்டன் சவாய் விடுதியின் தலைமைச் சமையற்காரர். அத்தகைய விடுதிகளில் காசுள்ளவர் அட்டையே காட்டாமல் உண்ணலாம் என்பதையும், 1942இல்தான் ஒரு வேளை உணவுக்கு 5 ஷில்லிங் என்று உச்சவரம்பு வந்தது என்பதையும் அந்தப் பையின் புகழ் மறைத்துவிடுகிறது.

சொற்களும் இதில் தம் வேலையைச் செய்தன. ஊராட்சிகள் நடத்திய மலிவு உணவகங்களுக்கு முதலில் வைத்த பெயர் ‘சமுதாய உணவூட்டு நிலையம்’ என்ற பொருள்பட அமைந்தது. பொதுவுடைமை வாடையும், ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய பழைய விடுதிகளின் வாடையும் அதில் வீசுகின்றன என்று சர்ச்சில் மறுத்தார்; ‘பிரிட்டிஷ் ரெஸ்டாரண்ட்’ என்ற பெயர் வந்தது. பெயர் மாறியதும் கொடையாகத் தோன்றியது குடியுரிமையாகத் தோன்றலாயிற்று. 1943இல் அவை இரண்டாயிரத்தைத் தாண்டின. ‘ரேஷன்’ என்ற சொல்லின் லத்தீன் வேர் கணக்கைக் குறிக்கிறது. தமிழின் ‘பங்கீடு’ பங்கைக் குறிக்கிறது. பிரிட்டிஷ் அரசு செய்தது கணக்கு, பேசியது பங்கு.

அந்தப் பேச்சு 1946 ஜூலையில் உடைந்தது. போரில் கட்டுப்படுத்தாத ரொட்டியை, போர் முடிந்தபின் தொழிற்கட்சி அரசு பங்கீட்டுக்குள் கொண்டுவந்தது. சாதாரண வயதுவந்தவருக்கு வாரம் 9 அலகு. உடலுழைப்பு ஆணுக்கு 15. உடலுழைப்புப் பெண்ணுக்கு 11. எல்லாருக்கும் ஒரே அளவு என்ற கொள்கை அதுவரை நின்றதே, வயிறு நிரம்பும்வரை ரொட்டி கிடைத்ததனால்தான். அந்தத் தாங்கு போனதும், ஆறாண்டு மறுத்துவந்த தர வேறுபாட்டை அரசே எழுதிவைக்க நேர்ந்தது.

இந்தியாவில் இதைப் படிப்போருக்கு இன்னொரு கடமையும் உண்டு. இங்கிலாந்தின் வயல்களுக்குப் பை போன அதே போர்க்காலத்தில், 1942இல், வங்காள வர்த்தக சபை தன் நிறுவனங்களின் தொழிலாளருக்கு அரிசியை உறுதிசெய்யும் திட்டத்தை அரசின் துணையோடு வகுத்தது. ஆலை காக்கப்பட்டது. அடுத்த ஆண்டுப் பஞ்சத்தில் இருபது முதல் முப்பது லட்சம் பேர் வரை இறந்தனர் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அவர்களுள் பெரும்பாலோர் கிராமத்தவர்; மிகக் கடுமையாகத் தாக்குண்டவர்கள் நிலமற்ற கூலிகளும் மீனவர்களும். ஆலைக்கும் வயலுக்கும் இடையே விழுந்த பள்ளத்தை ஒரு பேரரசு தன் நாட்டில் கண்டு நிரப்பியது. இங்கே அதைத் திறந்தே விட்டது. பல்கலைக்கழகங்களில் முதலாவது சமூகநலக் கொள்கைத் தாளிலும் இரண்டாவது காலனிய வரலாற்றுத் தாளிலும் வைத்துக் கற்பிக்கப்படுகின்றன. இரண்டையும் ஒரே வாரத்தில், ஒரே வகுப்பறையில் கற்பிப்பதற்குப் புதிய ஆவணம் எதுவும் தேவையில்லை.