மருந்து இலவசம், நாள்கூலி?

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது. பணக்கார நாடுகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகள் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 விழுக்காடுகூட இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதியில் நின்றுபோகும் சிகிச்சை இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அதைப் பெற்றோரின் 'அறியாமை' என்போரோடு எனக்குச் சண்டை உண்டு. இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்ளும். தாயும் தகப்பனும் இழக்கும் நாள்கூலியை யார் தருவது? தொற்று அண்டாத சுத்தமான அறை வேண்டும் என்கிறார் மருத்துவர். 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறார் வீட்டுக்காரர். சேரியிலிருந்து வரும் குடும்பம் நோயோடு சாதியையும் சேர்த்தே எதிர்கொள்கிறது. இதில் 'முன்ஜென்மப் பாவம்' என்கிற ஆறுதல் வேறு.

தோழர்களே, இரத்தமும் தட்டணுக்களும் கொடுப்போம். காப்பீட்டுப் படிவங்களுக்கு அலையும் வேலையை, ஊரில் விட்டுவந்த அக்காவின் படிப்பைப் பகிர்ந்துகொள்வோம். ஆனால், நம் கருணையை நம்பி ஒரு குழந்தையின் உயிர் இருக்கக் கூடாது. சிகிச்சை முடியும்வரை பெற்றோரில் ஒருவருக்குக் கூலி இழப்பீடு, மருத்துவமனை அருகிலேயே தங்குமிடம்: இரண்டும் அரசின் கடமை. உரிமையாகவே கேட்போம்.