கடை வாடகையில் பிறந்த கல்லூரி

கல்லூரியில் பொதுச் சொற்பொழிவு என்று அறிவிப்பு வந்தால், "நமக்கென்ன சம்பந்தம்?" என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். சம்பந்தம் உண்டு என்பதற்கு லண்டன் மாநகரமே சாட்சி.

அங்கே ராயல் எக்ஸ்சேஞ்ச் என்னும் வணிகக் கூடத்தைக் கட்டியவர் தாமஸ் கிரஷாம் என்ற வணிகர். 1579-ல் காலமான அவர், அக்கூடத்தின் வாடகை வருமானத்தில் ஊர் மக்களுக்குச் சொற்பொழிவு நடத்த வேண்டுமென உயில் எழுதி வைத்தார். 1597-ல் கிரஷாம் கல்லூரி தொடங்கியது. வானநூல், சட்டம், மருத்துவம் உள்ளிட்ட 7 துறைகள். லத்தீனில் பேசியதை மக்களுக்குப் புரியும் ஆங்கிலத்திலும் பேசினார்கள். 1660-ல் அங்கே ஒரு சொற்பொழிவு முடிந்து கூடிப் பேசியவர்கள்தாம் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு வித்திட்டார்கள். தேர்வில்லை, பட்டமில்லை, கட்டணமின்றி இன்றும் நடக்கிறது.

நம் நாட்டிலும் காரைக்குடியில் 1947-ல் கல்லூரி கண்ட அழகப்பச் செட்டியார் வணிகர்தாமே! கல்லூரி வாசல் நமக்கு அந்நியமன்று.

ஆனால் பகல் 11 மணிக்குக் கூட்டம் வைத்தால் கல்லாவை விட்டு யார் வருவது? ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் அருகிலுள்ள கல்லூரி முதல்வரைச் சந்தித்து, கடை விடுமுறை நாளின் மாலையில், எளிய தமிழில் சொற்பொழிவு கேட்க வேண்டும். 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2017-ல் வந்த ஜி.எஸ்.டி., பொட்டலப் பொருள் விதிகள் என்று தலைப்புகளுக்குப் பஞ்சமில்லை. செலவில் ஒரு பங்கைச் சங்கம் ஏற்கட்டும்.

நோட்டீஸ் வந்த பிறகு சட்டம் படிப்பது நஷ்டக் கணக்கு. முன்னதாகக் கேட்டு வைப்பதே நமக்கு லாபம்.