751-ஆம் பக்கம்



இந்த இதழ் முழுக்கத் திகில் கதைகள். தொகுக்கும் சாக்கில் ஹெச்.பி. லவ்கிராஃப்டின் ‘தி டன்விச் ஹாரர்’ கதையை மறுபடி எடுத்துப் படித்தேன். 1929-இல் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் வெளிவந்த கதை. வில்பர் வேட்லி என்ற கிராமத்து இளைஞன் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு வருகிறான். அவனிடம் இருக்கும் ‘நெக்ரோனாமிகன்’ என்ற மந்திர நூலின் பிரதி குறையுள்ளது; 751-ஆம் பக்கத்தில் வரவேண்டிய பகுதி அதில் இல்லை. நூலகத்தின் லத்தீன் பதிப்பைப் புரட்டி அதைத் தேடுகிறான். தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த நூலகர் ஆர்மிட்டேஜ், புத்தகத்தை இரவல் தர மறுத்துவிடுகிறார். பிறகு ஒருநாள் இரவில் திருட வந்தவனைக் காவல் நாய் குதறிக் கொல்கிறது.

எத்தனை முறை படித்தாலும் என்னை உலுக்குவது அந்த 751 தான். பேயையும் பூதத்தையும் நம்பாதவர்கள்கூடப் பக்க எண்ணை நம்புவார்கள். லவ்கிராஃப்டுக்கு இது நன்றாகத் தெரியும். அப்துல் அல்ஹஸ்ரத் என்ற பித்துப்பிடித்த அரபியர் எழுதியதாக அந்த நூலைக் கற்பனை செய்தவர், 1927-இல் அதற்கு ஒரு வரலாறே எழுதினார்: யார் மொழிபெயர்த்தார், யார் தடை செய்தார், பிரதிகள் எங்கே இருக்கின்றன. பிரிட்டிஷ் மியூசியமும் ஹார்வர்டு நூலகமும் அந்தப் பட்டியலில் உண்டு. உண்மை என்று நம்பி விசாரித்த வாசகர்களுக்கு, அது தன் கற்பனைதான் என்று நேர்மையாகப் பதில் எழுதினார்.

அவருக்கு முன்பே, 1895-இல் ராபர்ட் சேம்பர்ஸ் ‘தி கிங் இன் யெல்லோ’வில் இப்படி ஒரு நாடக நூலைப் படைத்தார். முதல் அங்கம் சாது. இரண்டாம் அங்கத்தைப் படித்தவருக்குப் புத்தி பேதலிக்கும். அந்த இரண்டாம் அங்கத்தை அவர் நமக்குக் காட்டவே இல்லை. எவ்வளவு பெரிய கட்டுப்பாடு!

1977-இல் நியூயார்க்கில் ‘நெக்ரோனாமிகன்’ என்ற பெயரிலேயே ஒரு நூல் விற்பனைக்கு வந்தது. மந்திரங்களெல்லாம் அச்சில் இருக்கின்றன, பயம்தான் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லவ்கிராஃப்டின் நண்பர்கள் ஆளுக்கொரு நூலைக் கற்பனை செய்து, ஒருவர் நூலை மற்றவர் கதையில் எடுத்தாண்டார்கள். பதின்வயதில் இருந்த ராபர்ட் பிளாக், தன் கதையில் லவ்கிராஃப்டைப் போன்ற பாத்திரத்தைக் கொல்ல அனுமதி கேட்டார். மூத்தவர் மகிழ்ச்சியோடு எழுதியே கொடுத்தார்; பதிலுக்கு ‘ராபர்ட் பிளேக்’ என்ற பாத்திரத்தைத் தன் கதையில் கொன்றார். எழுத்தாளர்களுக்குள் இப்படி ஓர் அன்பு வாய்ப்பது பெரிய கொடுப்பினை.

நீங்களும் ஒரு தடைசெய்யப்பட்ட நூலைக் கற்பனை செய்து கதை எழுதி அனுப்புங்கள். நூலின் கட்டமைப்பு, கறை, காணாமல்போன ஏடு எல்லாம் எழுதுங்கள். உள்ளே இருப்பதை மட்டும் ஓரிரு வரிக்கு மேல் காட்டாதீர்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கிக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்