புத்தகம் பஸ் ஏறி வரட்டும்

எம்.ஏ. படிக்கும்போது 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வேணும்னு கல்லூரி நூலகத்தில் கேட்டேன். "இங்க இல்லப்பா, மெட்ராசுல போய்ப் பாரு" என்றார்கள். அப்பாவின் ஒரு நாள் கூலி பஸ் காசாகப் போனது. போன இடத்தில் "நீ இங்க உறுப்பினரா?" என்று கேட்டார்கள். வெறுங்கையோடு விழுப்புரம் திரும்பினேன்.

நான் போயிருக்கவே வேண்டாம். நூலகத்துக்கு நூலகம் இரவல் தரும் முறை ஒன்று உண்டு. நம்ம நூலகர் ஒரு ஃபாரம் எழுதி, புத்தகம் இருக்கிற நூலகத்தைக் கேட்கணும். அவர்கள் அனுப்புவார்கள், வாங்கிய நூலகமே பொறுப்பு. அரிய பிரதியென்றால் நகல் வரும். எது எங்கே இருக்கிறது என்று காட்டக் கூட்டுப் பட்டியலும் உண்டு. 1988ல் டெல்லியில் டெல்நெட், 1991ல் பல்கலைக்கழக மானியக் குழுவின் இன்ஃப்ளிப்நெட் என்று தொடங்கியதெல்லாம் இப்படிப் பகிர்ந்துகொள்ளத்தான். இதை எங்களுக்கு யார் சொன்னார்கள்?

அயோத்திதாசர் 1907ல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அந்த எழுத்துகள் பெருந்தொகுப்பாக வர 1999 ஆச்சு. வந்த பிறகும் எங்கோ அலமாரியில் பூட்டிக்கிடந்தால் யாருக்கு லாபம்?

1927ல் மகாத் குளத்தில் அம்பேத்கர் இறங்கியது தாகத்துக்காக மட்டுமல்ல, பொதுச்சொத்தில் பங்கு கேட்டு. பொதுப்பணத்தில் வாங்கிய புத்தகமும் பொதுக்குளம்தான்.

தோழர்களே, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர்தான். முதலில் இந்த இரண்டு ஊர்க் கல்லூரி நூலகங்களும் பட்டியலை மாற்றிக்கொள்ளட்டும். நாளைக்கே போய் எழுதிக் கேளுங்கள். முடியாது என்றால், அதையும் எழுத்திலேயே வாங்குங்கள்.