உலாவியை இரவல் பெறுவதா, பக்கத்தைத் திருத்துவதா?

பொயிண்ட் குக்கில் வளரும் நம் பிள்ளைகளிடம், 2002 ஆம் ஆண்டளவில் வெளிவந்த தமிழ் இணையப் பக்கங்கள் சிலவற்றைத் திறந்து காட்டிப் பாருங்கள். அவற்றுட் பலவற்றில் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலே தோன்றும். "இதுவா தமிழ்?" என்று பிள்ளை கேட்டால் நாம் என்ன விடை சொல்வோம்?

பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியிருந்தன. எழுத்துருவை வாசகரே நிறுவும் சிரமத்தைத் தவிர்க்க, பல தளங்கள் மைக்ரோசொப்டின் இயங்கு எழுத்துரு நுட்பத்தை நாடின. அந்நுட்பமோ வின்டோசில் ஓடிய இன்ரநெற் எக்ஸ்புளோரர் உலாவியையே நம்பியிருந்தது.

லினக்ஸ் பயன்படுத்தியோர் என்ன செய்வர்? வின்டோஸ் செயலிகளைப் பிற இயங்குதளங்களில் இயக்குவதற்கென 1993 இல் தொடங்கப்பட்ட வைன் என்னும் கட்டற்ற மென்பொருள் இருந்தது. அதன் துணையுடன் இன்ரநெற் எக்ஸ்புளோரரை லினக்சில் நிறுவும் கருவிகளும் வந்தன. ஆனால் வைன் கட்டற்றது என்பதால் அதன்மேல் ஓடும் உலாவியும் கட்டற்றதாகிவிடாது. இலவசமாகத் தரவிறக்க முடிந்தாலும், முறையான வின்டோஸ் உரிமம் உடையவருக்கே அவ்வுலாவியைப் பயன்படுத்தும் உரிமை இருந்தது. விலையின்மை வேறு, உரிமை வேறு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பெற்றோரின் கடமை.

எனினும், தாய்மொழியை வாசிப்பதற்காக ஒருவர் வின்டோசை விலைகொடுத்து வாங்கவோ உரிமத்தை மீறவோ நேர்ந்ததெனின், தவறு வாசகருடையதன்று. பக்கத்தை ஒரு நிறுவனத்தின் உலாவியோடு பிணைத்த முறையே தவறு. 1991 இலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் வின்டோஸ் 98 போன்ற அன்றைய இயங்குதளங்கள் அதனைச் சரிவரக் காட்டவில்லை. ஆதலால் நம் முன்னோடிகளைப் பழிப்பது நியாயமன்று; அவர்களின் உழைப்பாலேயே தமிழ் இணையமேறியது. இன்று நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

2022 ஜூன் 15 அன்று இன்ரநெற் எக்ஸ்புளோரர் 11 இற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் முடித்துக்கொண்டது. திறவுகோல் தொலைந்தது; பூட்டிய பெட்டிகள் எஞ்சின. அப்பெட்டிகளுக்குள் நம் ஊர்களின் வரலாறுகளும் மறைந்தோரின் நினைவுக் குறிப்புகளும் பாடசாலை மலர்களும் கிடக்கின்றன.

பழைய உலாவியை எவ்வாறேனும் ஓட்டிப் பார்ப்பது தற்காலிகத் தீர்வே. பக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றுவதே நிலையான தீர்வு. சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழ் போன்ற எழுத்துரு மாற்றிகள் இப்பணியை எளிதாக்கியுள்ளன. மாற்றும்போது நேரும் பிழைகளைக் கண்டறியத் தமிழறிந்த கண்கள் வேண்டும். கோப்புகளைக் கையாளக் கணினி அறிந்த கைகள் வேண்டும். முன்னவை பெற்றோரிடமும் பின்னவை இளையோரிடமும் உள்ளன.

நம் சங்கங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் தத்தம் பழைய கோப்புகளிலிருந்தே இப்பணியைத் தொடங்கட்டும். எந்தக் கணினியிலும், எந்த உலாவியிலும், எவருடைய உரிமத்தையும் மீறாமல் நம் பிள்ளைகள் தமிழை வாசிக்க வேண்டும்.