சேரியைப் படிக்கக் கடல் தாண்டக் கூடாதாம்

தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் வெளிநாடு போய் முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்க மத்திய அரசு ஓர் உதவித்தொகை தருகிறது. தேசிய அயல்நாட்டு உதவித்தொகை என்று பேர். 1954-55லேயே தொடங்கின திட்டம். 2021-22 முதல் 125 இடம்; அதில் 115 தாழ்த்தப்பட்டோருக்கு, மிச்சம் பத்து சீர்மரபினருக்கும் நிலமற்ற விவசாயக் கூலிகளுக்கும் பாரம்பரியக் கைவினைஞர்களுக்கும். நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கிற நாட்டில் 125 இடம் என்பதே ஒரு கேலிதான். அதை இப்போதைக்கு விடுவோம்.

2022 பிப்ரவரியில் இந்தத் திட்டத்தின் விதிகளைப் புதுப்பித்தபோது ஒரு வரியைச் சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றின சமூக ஆய்வு, இந்தத் தலைப்புகளில் படிக்கப் போகிறவருக்கு இந்தப் பணம் கிடையாது. ஏன் என்று கேட்டதற்கு, அதுக்கெல்லாம் நம் நாட்டிலேயே ஏகப்பட்ட நூல்களும் நிபுணர்களும் இருக்கும்போது வெளியே எதுக்குப் போகணும் என்று பதில் வந்தது.

கம்ப்யூட்டர் படிக்கப் போகிறவனுக்கு இந்த வரி உறைக்காது. மருந்து, எந்திரம், விண்வெளி எதைப் படித்தாலும் இந்தியாவைப் பற்றி எழுத வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. இந்த வரி யாரைக் குறி வைக்கிறது? சமூகப்பணி, சமூகவியல், மானிடவியல், வரலாறு படிக்க நினைக்கிற சேரிப் பிள்ளையை. அவன் கையில் இருக்கிற ஒரே முதல் அவன் வாழ்ந்த வாழ்க்கை. அதைக் கொண்டு போய் உலகத்தின் முன்னால் வைக்காதே என்பதுதான் இதன் பொருள். சமூகப்பணி படிக்கிறவனிடமிருந்து சமூகத்தைப் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் நிற்பது பணி மட்டும்தான். அது எங்களுக்குப் புதுசா என்ன?

எங்கள் விருத்தாசலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்களுக்குப் பழமலைநாதர் கோயில் தெரியும், ரயில்வே ஜங்ஷன் தெரியும். ஊருக்குள் வந்தால் பீங்கான் பேட்டை. நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து வருகிற களிமண்ணை அரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, பிசிறு சீவி, மெருகுக் கூழில் முக்கிச் சூளையில் ஏற்றுகிறார்கள். பொம்மை, ஃபியூஸ் கட்டை, டீக்கப்பு, அகல்விளக்கு எல்லாம் போகும். அச்சில் ஊற்றுகிறதும் பிசிறு சீவுகிறதும் பெரும்பாலும் பொம்பளைங்க வேலை. எங்கள் தெருவிலிருந்து சோத்துத் தூக்கைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் சாயங்காலம் தலை நரைத்துத் திரும்புவார்கள். நரையில்லை, தூசி. அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நெஞ்சில் போய்ப் படிந்தால் நுரையீரல் கல்லாய் இறுகிப் போகும். ஆஸ்பத்திரிக்குப் போனால் பல நேரம் டி.பி. என்று சீட்டு எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். டி.பி. என்றால் யாரும் நஷ்டஈடு தர வேண்டியதில்லை பாருங்கள்.

இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் என்று ஓர் ஊர். இருநூறு முந்நூறு வருஷமாய்ப் பீங்கான் ஊர். அங்கேயும் தொழிலாளி இதே நோயில்தான் செத்தான். குயவன் நெஞ்சழுகல் என்கிற மாதிரி அதற்கொரு பேரே வைத்திருந்தார்கள். அங்கே அதைத் தொழில்நோய் என்று ஒத்துக்கொள்ள வைத்து நஷ்டஈடு வாங்கின கதை ஒன்று இருக்கிறது. தொழிற்சங்கம், டாக்டர், ஆய்வாளர், சட்டம் எல்லாம் சேர்ந்து நடந்த கதை. விருத்தாசலத்துப் பீங்கான் கூலிக்காரியின் மகள் ஒருத்தி சமூகப்பணி படிக்க அங்கே போய், இந்த ஊரையும் அந்த ஊரையும் பக்கத்தில் வைத்து ஓர் ஆய்வு எழுதினால் அது எவ்வளவு பெரிய காரியம்! அங்கே அந்த நோய்க்கு வர்க்கம் மட்டும்தான் இருந்தது. இங்கே சாதியும் சேர்ந்து நிற்கிறது. எந்தக் கை தூசியில் கிடக்கிறது, எந்தக் கை கணக்குப் புத்தகம் புரட்டுகிறது என்று அவள் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதினால் அது ‘இந்தியாவைப் பற்றின சமூக ஆய்வு’. பணம் கிடையாது.

டீக்கப்பு என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். ஊர் ஊராய்க் கப்பு செய்து அனுப்புகிற இதே வட்டாரத்தின் டீக்கடைகளில் எங்கள் அப்பன் பாட்டனுக்குத் தனிக் கிளாஸ், இல்லாவிட்டால் கொட்டாங்கச்சி. இது பண்பாடா, மரபா, வரலாறா? அமைச்சகம் எந்தத் தலைப்பில் தள்ளுபடி செய்யும் என்று தெரிந்துகொள்ள ஆசையாய் இருக்கிறது.

இன்னொன்று. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் குப்பநத்தம் புதுக்கூரைப்பேட்டை. 2003 ஜூலை 8. கெமிக்கல் இன்ஜினியரிங் படித்த தலித் இளைஞன் முருகேசனையும், ஊராட்சித் தலைவரின் மகள் கண்ணகியையும் ஊர் பார்க்க விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். இரண்டு மாசம் முன்னால்தான் பதிவுத் திருமணம் செய்திருந்தார்கள். போலீஸ் என்ன செய்தது? செத்தவனின் சொந்தக்காரர்களையும் சேர்த்துக் குற்றவாளிப் பட்டியலில் போட்டது. அப்புறம் வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், 2021 செப்டம்பரில்தான் கடலூர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. பதினெட்டு வருஷம். 13 பேருக்குத் தண்டனை, அதில் காவல்துறைக்காரர்களும் உண்டு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர்களில் பெரும்பாலோர் குற்றவாளிகள் என்பதை உறுதி செய்தது. இந்தப் பதினெட்டு வருஷம் அந்தக் குடும்பம் எப்படித் தாக்குப்பிடித்தது, சாட்சிகளை யார் யார் எப்படி மிரட்டினார்கள், எந்தத் தொண்டு நிறுவனம் எட்டிப்பார்த்தது, எது பார்க்கவில்லை என்பதெல்லாம் சமூகப்பணிக்குப் பாடமாக வேண்டிய விஷயங்கள் இல்லையா? அமெரிக்காவில் கறுப்பர்களைக் கூட்டம் கூடி அடித்துக் கொன்றதைப் பற்றி ஐடா வெல்ஸ் என்கிற கறுப்புப் பெண் 1890களிலேயே ஊர் ஊராய்ப் போய்த் தகவல் திரட்டி எழுதினாள். அந்தக் கொலைகளையும் புதுக்கூரைப்பேட்டையையும் ஒப்பிட்டுப் படிக்க ஒருவன் சிகாகோ போக ஆசைப்பட்டால் தப்பா?

இங்கேயே படித்துக்கொள்ளலாமே என்கிறீர்கள். படித்தேன். தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் சமூகப்பணி முதுகலை. கல்லூரியின் பேர் வேண்டாம், எல்லா இடத்திலும் நடக்கிறதுதான். பத்து நாள் கிராம முகாம் போட்டார்கள். மக்கள் பங்கேற்பு மதிப்பீடு என்று ஒரு முறை உண்டு. ஊர் மக்களைக் கூட்டி, தரையில் கோலமாவில் அவர்கள் கையாலேயே ஊர்ப் படத்தை வரையச் சொல்ல வேண்டும். ஊர்ப் பொதுவில், கோயில் வாசலில் கூட்டினோம். கோயில் வந்தது, ஏரி வந்தது, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, களத்துமேடு எல்லாம் வந்தது. வடக்கே சேரி இருக்கிறது, முந்நூறு தலைக்கட்டு, படத்தில் இல்லை. எங்க இருக்குதுங்க காலனி என்று கேட்டேன். ஒரு பெரியவர், “அது இந்தக் கணக்குல வராது தம்பி, நீங்க எழுதிக்குங்க” என்றார். சரி, அந்த மக்களையும் கூப்பிட்டு வரையச் சொல்லலாமே என்று எங்கள் மேற்பார்வை ஆசிரியரிடம் கேட்டேன். அவர் என்னைத் தனியாகக் கூட்டிப்போய், “மக்கள் வரையறதை அப்படியே எடுத்துக்கறதுதான் முறை, நீ உன் கருத்தைத் திணிக்காத” என்றார். தீர்ப்புச் சொல்லாத மனப்பான்மை என்று சமூகப்பணியில் ஒரு கொள்கை. வகுப்பில் முதல் மாசமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதைச் சேரியில்லாத படத்துக்குக் காவல் நிறுத்திவிட்டார். அறிக்கைக்கு நல்ல மார்க் வந்தது. அந்தப் படம் துறைச் சுவரில் கொஞ்ச நாள் தொங்கினது.

தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பு, சமூகச் செயல்பாடு என்று தாள் தாளாய்ப் பாடம். சாதி எங்கே என்று தேடினால் ‘இந்தியச் சமூகப் பிரச்சினைகள்’ தாளில் குடிப்பழக்கத்துக்கும் பிச்சையெடுத்தலுக்கும் நடுவில் ரெண்டு பக்கம் வரும். பிரச்சினை யாரோ எங்களுடையது என்கிற மாதிரி. வைத்திருக்கிறவனுக்குச் சாதி ஒரு பிரச்சினையே இல்லை போலிருக்கிறது. இவர்களைத்தான் அமைச்சகம் நிபுணர்கள் என்கிறது.

வெளிநாட்டுக்காரன் இங்கே வந்து எங்களைப் படிக்கத் தடை உண்டா? தாராளமாய் வந்தார்கள். மைக்கேல் மொஃபாட் என்கிற அமெரிக்கர் செங்கல்பட்டுப் பக்கம் எண்டாவூர்ச் சேரியில் இருந்து ஆராய்ந்து 1979ல் புத்தகம் போட்டார். என்ன கண்டுபிடித்தார்? தீண்டப்படாதவர்களும் சாதி ஒழுங்கை மனசார ஒத்துக்கொண்டுதான் வாழ்கிறார்கள், தங்களை ஒதுக்கின அமைப்பைத் தங்களுக்குள்ளேயே திரும்பக் கட்டிக்கொள்கிறார்கள் என்று. பல்கலைக்கழகங்களில் வருஷக்கணக்காய் அதை வைத்து விவாதம். அவரை வரக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. வரட்டும், எழுதட்டும். பதில் எழுத அதே மேசையில் எங்களுக்கு ஒரு நாற்காலி வேண்டும். அவன் தன் நாட்டிலிருந்து கடல் தாண்டி எங்கள் சேரியைப் படிக்கலாம், நாங்கள் எங்கள் சேரியைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டக் கூடாது என்றால் இது எந்த ஊர் நியாயம்? கடல் தாண்டினால் சாதி கெடும் என்று அந்தக் காலத்தில் அவாள் சொல்வதுண்டு. இப்போது அவர்கள் பிள்ளைகள் எல்லாம் தாண்டியாகிவிட்டது. அந்தச் சாஸ்திரத்தைக் கொண்டு வந்து எங்கள் படிப்புக்கு மாட்டுகிறார்கள்.

1913ல் பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் அம்பேத்கர் கொலம்பியா போனார். 1916 மே 9ஆம் தேதி அங்கே மானிடவியல் கருத்தரங்கில் ஒரு கட்டுரை படித்தார். தலைப்பு இந்தியாவில் சாதிகள். அவற்றின் இயங்குமுறை, தோற்றம், வளர்ச்சி. வயசு 25. 2022 விதிப்படி பார்த்தால் அந்த உதவித்தொகையை ரத்து செய்திருக்க வேண்டும். மன்னராட்சியில் கிடைத்தது குடியரசில் கிடைக்காது. அம்பேத்கர் பேரில் சிலை, மணிமண்டபம், தபால் தலை எல்லாம் உண்டு. அவர் எழுதின மாதிரி ஒரு கட்டுரை எழுத மட்டும் காசு கிடையாது.

சமூகப்பணிப் படிப்பிலேயே ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். ஃபிராங்க்ளின் ஃபிரேசியர் என்கிற கறுப்பர், நியூயார்க்கில் சமூகப்பணிப் பள்ளியில் ஆய்வு செய்தார். அதற்கப்புறம் உதவித்தொகையில் டென்மார்க் போய் அங்கத்திய விவசாயிகளின் கூட்டுறவையும் மக்கள் பள்ளிகளையும் படித்தார். திரும்பி வந்து 1922ல் அட்லாண்டாவில் கறுப்பர்களுக்கான சமூகப்பணிப் பள்ளியை ஏற்று நடத்தினார். 1927ல், இனவெறி என்பது வெள்ளைக்காரனைப் பிடித்த மனநோய் என்கிற மாதிரி ஒரு கட்டுரை எழுதினார். நோயாளி யார் என்பதையே திருப்பிப் போட்டார் மனுஷன். மிரட்டல் வந்து ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று. நம் பிள்ளை ஒருவன் சமூகப்பணி படித்துவிட்டு வந்து, சிகிச்சை தேவைப்படுவது சேரிக்கல்ல ஊருக்கு என்று எழுதினால் என்ன ஆகும் என்கிற பயம் டில்லியில் இருப்பவர்களுக்கு வராமல் இருக்குமா?

வெளிநாடு சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. சாதி அங்கேயும் விசா வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறது. அதனால்தான் 2019ல் பிராண்டைஸ் பல்கலைக்கழகமும், 2022ல் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்ய நேர்ந்தது. 2023ல் சியாட்டில் நகரம் சட்டமே போட்டது. அதே வருஷம் கலிஃபோர்னியாவில் வந்த மசோதாவை ஆளுநர் கையெழுத்துப் போடாமல் திருப்பினார். எதிர்த்து நின்றவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்கச் சமூகப்பணிக் கல்விக் குழு 2022ல் வெளியிட்ட தன் கல்வித் தரவிதிகளில் இனம், நிறம், வர்க்கம் இவற்றோடு சாதி என்கிற சொல்லையும் சேர்த்தது. அங்கே சமூகப்பணி மாணவன் சாதியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதின அதே வருஷம், இங்கே அதைப் பற்றிப் படிக்கப் போனால் பணம் இல்லை என்று எழுதினார்கள்.

கடன் வாங்கிப் போகலாமே என்பார்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் வங்கி சொத்து ஜாமீன் கேட்கும். எங்கள் தெருவில் யாரிடம் என்ன சொத்து? புறம்போக்கில் கூரை. 1892ல் வெள்ளைக்காரன் எங்களுக்கென்று ஒதுக்கின பஞ்சமி நிலம் யார் யார் கையில் இருக்கிறது என்று தாலுகா ஆபீசில் போய்க் கேளுங்கள். மாநில அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை வெளிநாட்டுப் படிப்புக்கு வருஷத்துக்கு 36 லட்சம் வரை தருகிறது. நல்லது, நம் பிள்ளைகள் விசாரித்து விண்ணப்பிக்க வேண்டும். மாநிலம் கொடுக்கிறது என்பதற்காக மத்திய அரசு பிடுங்கினதை விட்டுவிட முடியாது. அங்கே விதியைத் தாண்டித் தேர்வானவர்கள் கதையும் தெரிந்ததுதான். 2025 ஜூலையில் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நிதி வந்தால் பார்க்கலாம் என்று முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்தார்கள்.

நம்மவர்களிலும் சிலர் புத்தி சொல்கிறார்கள். ‘தலைப்புல இந்தியான்னு போடாத, உலகளாவிய ஏற்றத்தாழ்வுன்னு போடு, சாதின்னு எழுதாத, அடையாளம்னு எழுது, போய்ச் சேர்ந்துட்டு அப்புறம் பாத்துக்கலாம்.’ வாடகை வீடு பிடிக்கச் சொன்ன அதே புத்தி. விண்ணப்பத்தோடு சாதிச் சான்றிதழ் இணைக்காவிட்டால் தள்ளுபடி, ஆய்வுத் தலைப்பில் சாதி இருந்தாலும் தள்ளுபடி. ஒரு மாணவன் பிழைப்புக்காக அப்படி எழுதினால் அவனைக் குறை சொல்ல மாட்டேன். இயக்கங்கள் அப்படி இருக்கக் கூடாது.

மக்களவையில் தனித்தொகுதி 84. பக்கத்துச் சிதம்பரமே ஒன்று. சேரி ஓட்டில் போனவர்கள்தான் அத்தனை பேரும் என்று சொல்ல முடியாது, ஆனால் சேரியின் பேரில் போனவர்கள். அந்த ஒரு வரியை எடு என்று ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் எழுந்து கேட்கட்டும். கேட்டார்களா இல்லையா என்பதை மாணவர் விடுதிகளில் பேர் பேராய் எழுதி ஒட்டுவோம்.